கீட்டோவுக்கு எந்த ஆப்? என் ஓட்டு குரோனோமீட்டருக்கு

போன தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு என்பதால் பயந்துபோய், டாக்டரிடம் பேசிவிட்டு, மாவுச்சத்தை மிகவும் குறைத்து, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும்படி செய்கிற கீட்டோ உணவுமுறையில் இறங்கினேன். பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் நான், கணவர், மாமியார். சமையல் பெரும்பாலும் என் கையில்தான். இந்த எட்டு மாதத்தில் நான்கு ஆப்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்திருக்கிறேன்.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா, எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகள் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீட்டோ தொடங்கவே கூடாது. முதல் இரண்டில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மூன்றாவதில் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகும் நிலை) ஆபத்து இருக்கிறது. எந்த ஆப்பும் இதைப் பார்த்துக்கொள்ளாது.

சரி, ஆப்புக்கு வருவோம். கலோரி எண்ணுவது, வரைபடம் காட்டுவது, தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவூட்டுவது எல்லாம் எதிலும் உண்டு. அதை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. கீட்டோக்காரருக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அந்த ஆப் சொல்லும் மாவுச்சத்துக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், சாதாரணமாகச் சாப்பிடுகிறவர் ஒரு நாளைக்கு 250 கிராம் மாவுச்சத்து எடுக்கிறார் என்று வையுங்கள். ஆப் 10 கிராம் தப்பாகச் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. கீட்டோவில் நமக்கிருக்கும் வரம்பே 20 முதல் 50 கிராம். 20 கிராமில் 10 கிராம் தப்பென்றால் பாதிக் கணக்கே போச்சு.

எனக்கு அப்படித்தான் போனது. முதலில் வைத்திருந்த ஆப்பில் மூன்று வாரம் தினமும் 20 கிராமுக்குள் இருப்பதாகக் காட்டியது. எடை அசையவில்லை, சிறுநீரில் கீட்டோன் இருந்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்பும் வெளிறியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்து வைத்து, தட்டில் வருவதை எல்லாம் நிறுத்துப் பார்த்தேன். குற்றவாளி தேங்காய்ச் சட்னி. மாவு சேர்க்காத முட்டை தோசையோடு தினமும் தாராளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆப்பில் யாரோ ஒருவர் சேர்த்திருந்த எண்ட்ரியில், ஒரு கிண்ணத்துக்கு மாவுச்சத்து 2 கிராம் என்று இருந்தது. அவர் வீட்டில் வெறும் தேங்காயும் மிளகாயும் அரைத்திருப்பார்போல. எங்கள் வீட்டுச் சட்னியில் பொட்டுக்கடலை உண்டு. 100 கிராம் தேங்காயில் நார்ச்சத்து போக 6 கிராம் மாவுச்சத்துதான். அதோடு சேரும் 30 கிராம் பொட்டுக்கடலையிலோ கிட்டத்தட்ட 15 கிராம். மாமியார் அருகில் வந்து, "என்னம்மா, தேங்காயையுமா நிறுக்கிற?" என்றார். "தேங்காய் இல்லத்தே, பொட்டுக்கடலைதான் ஆளைக் கவுத்திருக்கு" என்றேன்.

அந்த ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் எண்ட்ரி சேர்க்கலாம் என்கிற எந்த ஆப்பிலும் இது நடக்கும்.

மைஃபிட்னெஸ்பால் 2005 முதல் இருக்கிறது. உணவுப் பட்டியல் கடல்போல. எதைத் தேடினாலும் பத்துப் பதினைந்து எண்ட்ரி வரும். அதில் பெரும்பகுதி பயனர்கள் சேர்த்தது, எது சரி என்று நாம்தான் பொறுக்க வேண்டும். பார்கோடு ஸ்கேன் 2022 அக்டோபரிலிருந்து சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான். நெட் கார்ப், அதாவது நார்ச்சத்து போக மிஞ்சும் மாவுச்சத்து, பார்ப்பதற்கும் சந்தா வேண்டும். கீட்டோவுக்கு நெட் கார்ப் இல்லாமல் எப்படி?

ஹெல்த்திஃபைமீ நம்ம பெங்களூர்க்காரர்களுடையது, 2012-இல் ஆரம்பித்தது. இட்லி, பொங்கல், அவியல் என்று பெயர் போட்டாலே வந்துவிடும், கிண்ணக் கணக்கிலேயே பதியலாம். என் கணவர் அதைத்தான் வைத்திருக்கிறார், அவருக்கு அது போதும். சாதம் சாப்பிட்டு அளவை மட்டும் குறைக்க நினைப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். கீட்டோவில்தான் சிக்கல். பதார்த்தத்தின் பெயருக்கு ஆப் தருவது ஒரு பொதுச் சராசரி. சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தர்ஷினி என்கிற சிறு ஓட்டல்களில் ஊற்றுகிற சாம்பாரில் வெல்லம் இருக்கும், நம் வீட்டுச் சாம்பாரில் இருக்காது. 'சாம்பார், ஒரு கிண்ணம்' என்ற எண்ட்ரிக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? போட்டோ எடுத்தால் கணக்குச் சொல்கிற வசதி எந்த ஆப்பில் இருந்தாலும் இதே கதைதான். குழம்புக்குள் கரைந்த கடலைமாவையும் நெய்யையும் கேமரா பார்க்க முடியாது.

கார்ப் மேனேஜர் கீட்டோவுக்கென்றே செய்தது. திறந்தவுடன் நெட் கார்ப்தான் முன்னால் நிற்கும். கீட்டோன், சர்க்கரை அளவுகளையும் பதியலாம். நான் இரண்டு வாரம்தான் வைத்திருந்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ரெசிபிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சமையலறைக்கானவை. பேக்கனும் சீஸும் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் தங்கிவிட்டது குரோனோமீட்டரில். கனடாக்காரர்கள் செய்தது. ஒவ்வொரு உணவுக்குப் பக்கத்திலும் அந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை போன்றவைதான் அடிப்படை. நெட் கார்ப், பார்கோடு இரண்டும் இலவசப் பதிப்பிலேயே உண்டு, விளம்பரம் மட்டும் வரும். 80-க்கும் மேற்பட்ட சத்துகளைக் காட்டுகிறது. கீட்டோவின் முதல் வாரங்களில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வேகமாக வெளியேறித் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வரலாம். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எவ்வளவு உள்ளே போகிறது என்று அப்போது பார்க்க முடிந்தது எனக்கு உதவியது. சந்தா கட்டும் பதிப்பை நான் தொட்டதில்லை.

குறை என்னவென்றால், நம் ஊர்ப் பதார்த்தங்கள் அதில் சொற்பம். வாழைப்பூ வடையை எல்லாம் தேடாதீர்கள். நாமே உணவைச் சேர்க்க வேண்டும். அங்கேதான் நான் இன்னொரு குழியில் விழுந்து எழுந்தேன், நீங்கள் விழ வேண்டாம்.

நம் உணவுகளுக்கு நம்பகமான அட்டவணை, ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. 528 உணவுகள் இருக்கின்றன. கீரை வகைகளையே தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதில் மாவுச்சத்து என்று போட்டிருப்பது நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்த எண். அமெரிக்க அட்டவணையிலோ நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கும். அங்கே தேங்காய்க்கு 15.2 கிராம், அதில் நார் 9, கழித்தால் 6.2. நம் அட்டவணையின் எண்ணை அப்படியே ஆப்பில் போட்டால், ஆப் நார்ச்சத்தை இன்னொரு முறை கழிக்கும். தேங்காய் மாதிரி நார் மிகுந்த பொருளுக்கு விடை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் பொய்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 100 கிராமுக்கான நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (தாது உப்புகள்), மாவுச்சத்து ஐந்தையும் கூட்டிப் பாருங்கள். 100 வந்தால் நார் உள்ளே இருக்கிறது. நார்ச்சத்தையும் சேர்த்துக் கூட்டினால்தான் 100 வருகிறதென்றால் அது கழித்த எண். நம் அட்டவணையில் பச்சரிசிக்கு மாவுச்சத்து 78.24, நார் 2.81 என்று இருக்கும், ஆறையும் கூட்டினால்தான் 100. இப்படிப்பட்ட உணவைச் சேர்க்கும்போது இரண்டையும் கூட்டி மொத்த மாவுச்சத்து என்று போட்டுவிடுங்கள், பிறகு ஆப் கழித்துக்கொள்ளும்.

கடைப் பாக்கெட்டிலும் இதே கவனம் வேண்டும். இந்திய லேபிளில் நார்ச்சத்து போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய லேபிளில் கழித்த எண், அமெரிக்க லேபிளில் கழிக்காத எண். ஸ்கேன் செய்துவிட்டு ஒருமுறை பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

முதல் இரண்டு வாரம் வேலை வாங்கியது உண்மை. தினமும் இரவு அரைமணி நேரம் உட்கார்ந்து ஏறக்குறைய 40 பொருள்களைச் சேர்த்தேன். அப்புறம் வீட்டுச் சமையலை ரெசிபியாகப் போட்டேன். கிண்ணக் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை, அதனால் சமைத்து முடித்த கூட்டு 900 கிராம் என்றால் 900 பங்கு என்று போட்டுவிடுவேன். ஒரு பங்கு ஒரு கிராம். தட்டில் 150 கிராம் வைத்தால் 150 என்று பதிந்தால் முடிந்தது. இப்போது மூன்று வேளைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. வெளியூர் போனாலோ கல்யாண வீட்டிலோ இது நடக்காது. அங்கே முட்டை, பனீர், மீன் என்று தனியாகத் தெரிகிறதை மட்டும் எடுத்துக்கொண்டு தோராயமாகப் பதிகிறேன்.

இதற்கெல்லாம் நேரமில்லை, மூன்று மாதம்தான் கீட்டோ என்பவர்கள் கார்ப் மேனேஜரையே பாருங்கள். என்னைப்போல் வீட்டுச் சாப்பாட்டிலேயே வருடக்கணக்கில் போக நினைப்பவர்களுக்குக் குரோனோமீட்டரும் ஒரு தராசும் போதும். தராசு ஒரு கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். இன்னொன்று, ஒவ்வொரு பாத்திரத்தையும் காலியாக ஒருமுறை நிறுத்து, அடியில் மார்க்கரால் எடையை எழுதிவிடுங்கள், கூட்டை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமலே கழித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பாத்திரங்களுக்கு மாமியார்தான் எழுதிக் கொடுத்தார். தேய்த்துக் கழுவி அழிந்துபோனால் அவரே மறுபடி நிறுத்து எழுதுகிறார்.