அச்சகத்துக்குத் திறந்த கோப்பா, பிடிஎஃப்-எக்ஸா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் சிற்றிதழ், மாத இதழ் அச்சுக்குக் கொடுப்பவர்கள், பக்கங்களை எந்தக் கோப்பாகத் தருவது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, பக்கம் வடிவமைத்த இன்டிசைன் மென்பொருளின் கோப்பையே, யாரும் திறந்து திருத்தும்படி, எழுத்துரு, படங்களோடு பென்டிரைவில் கொடுத்துவிடும். மற்றது அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் வகையான பிடிஎஃப்-எக்ஸ் மட்டும்தான் தரும்.

திறந்த கோப்பின் சுகம் தெரிந்ததுதான். அச்சுத் தகடான பிளேட் போடும் நேரத்தில் விளம்பரதாரர் போன் நம்பரை மாற்றச் சொன்னாலும் அங்கேயே உட்கார்ந்து திருத்தலாம். ஆனால் தமிழுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. பக்கம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்து, அது அச்சகக் கணினியில் இல்லையென்றால், தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாய் வந்து நிற்கும். அதே பெயரில் வேறு பதிப்பு இருந்தால் இன்னும் மோசம். வரி நகர்ந்து பத்தியின் கடைசி வரி காணாமல் போயிருக்கும். யார் கண்ணிலும் படாது.

பிடிஎஃப்-எக்ஸ் என்பது ஐஎஸ்ஓ 15930 தரம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், வெட்டளவு குறித்திருக்க வேண்டும், எந்த அச்சு முறைக்கான நிறம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதில் பல வகை உண்டு. எக்ஸ்-1ஏ, திரைக்கான சிவப்பு-பச்சை-நீல நிறத்தில் (ஆர்ஜிபி) உள்ள படத்தை ஏற்காது. எக்ஸ்-4 ஏற்கும், ஒளிபுகும் நிழல்களையும் அப்படியே விடும். அச்சகத்தில் ரிப் (கோப்பைத் தகட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) பழையது என்றால் 1ஏ கொடுப்பதே நல்லது.

எழுத்துப்பிழையை எந்தத் தரமும் பிடிக்காது. மெய்ப்பு நம் வேலைதான். திருத்தம் வந்தால் கோப்பை மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும், அது ஒரு தொல்லை. இருந்தாலும் மாத இதழுக்கு என் ஓட்டு பிடிஎஃப்-எக்ஸுக்கே. நாலு பக்கக் கோயில் மலருக்குத் திறந்த கோப்பே போதும், அச்சகக்காரர் தெரிந்தவராக இருந்தால்.