முதல் ஸ்பீக்கர் பாக்ஸ்: மூடியதா, குழாய் வைத்ததா?

சொந்தமாக ஸ்பீக்கர் பாக்ஸ் செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லாம் எடுத்தவுடன் கேட்பது, ஊஃபர் (பேஸ் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர்) எந்தக் கம்பெனி, எத்தனை வாட்ஸ். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். இரண்டு ஜோடி செய்து முடித்த பிறகுதான் புரிந்தது, அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது பெட்டியை முழுக்க மூடுவதா, உள்காற்று வெளியே வந்துபோக ஒரு குழாய் வைப்பதா என்பதை. என் முதல் ஜோடி குழாய் வைத்தது, அடுத்தது மூடியது, இரண்டுக்கும் ஒரே ரக ஊஃபர். முதல்முறை செய்கிறவருக்கு என் ஓட்டு மூடிய பெட்டிக்குத்தான்.

பலகை, ட்வீட்டர், கிராஸ்ஓவர் பற்றி இங்கே இழுக்கவில்லை, இரண்டுக்கும் அவை ஒன்றேதான். 18 எம்எம் ப்ளைவுட் போதும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கச் சுலபம், ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும்.

குழாய்ப் பெட்டியின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். சோடா பாட்டில் வாயில் ஊதினால் 'ஹூம்' என்று ஒரு சத்தம் வருமே, அதே சங்கதிதான். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் ஒலிக்கும், அந்த இடத்தில் கோன் (ஊஃபரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) அதிகம் அசையாமலேயே பேஸ் வந்துவிடும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவருக்கு இது பெரிய லாபம். தவிலின் தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுவது முதல் ஜோடியில்தான், இரண்டாவதில் அந்தக் கனம் இல்லை. அந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கதை மாறும். பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது, அது பாட்டுக்கு ஆடும், சத்தமும் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் என்று விழும். மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான், கீழே இறங்குவது நிதானமாக இருக்கும்.

இதெல்லாம் யாரும் சொல்வதுதான். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: நாம் செய்யும் தப்பை எந்தப் பெட்டி பொறுத்துக்கொள்ளும்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் ஐந்தேகால் இஞ்ச் ஊஃபருக்கு விவரத்தாள் கேட்டுப் பாருங்கள், '60 வாட்ஸ், 8 ஓம்ஸ் சார்' என்பதோடு முடிந்துவிடும். பெட்டிக் கணக்குக்கு வேண்டியது மூன்று எண்கள்: எஃப்எஸ் (பெட்டியில்லாமல் ஊஃபர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு), விஏஎஸ் (கோனைப் பிடித்திருக்கும் பாகங்கள் அளவுக்கு வளைந்துகொடுக்கும் காற்று, லிட்டரில்). நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் 1961இல் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்த கணக்கு இது, இன்றைக்கு இருக்கிற இலவச மென்பொருள்கள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. எண் தெரியாத நான், பார்க்க அதே மாதிரி இருந்த இன்னொரு ஊஃபரின் எண்களைப் போட்டு, 14 லிட்டர் பெட்டி, குழாய் ஒலிக்க வேண்டியது 50 ஹெர்ட்ஸில் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அப்புறம் குழாய். ஹார்டுவேர் கடையில் 2 இஞ்ச் பிவிசி என்று கேட்டால் 63 எம்எம் கொடுப்பார்கள். அந்த 63 வெளிவிட்டம். கணக்கில் போட வேண்டியது உள்விட்டம், என் குழாயில் அது 58. நான் 63ஐயே போட்டதில் 18 சென்டிமீட்டர் சொச்சம் இருக்க வேண்டிய குழாய் 22 ஆகிவிட்டது. பின்பலகைக்கும் குழாய் வாய்க்கும் நடுவே 2 சென்டிமீட்டர்தான் மிச்சம், குறைந்தது குழாய் விட்டத்தின் அளவுக்காவது இடம் விட்டிருக்க வேண்டும். விளைவு, செய்தி வாசிக்கிறவர் குடத்துக்குள் உட்கார்ந்து பேசினார், சத்தத்தைக் கூட்டினால் குழாயில் 'உஸ் உஸ்' என்று காற்று அடித்தது.

பிறகு ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையும் வைத்து ஊஃபரை ஒழுங்காக அளந்தேன். எஃப்எஸ் 50, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 14 லிட்டர். மூடிய பெட்டிக்கு ஒரே ஒரு சூத்திரம்தான்: விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7 பக்கம் வந்தால் நல்லது. அதற்கு எனக்கு ஒன்பதரை லிட்டர் வந்தது. மேக்னெட் அடைக்கும் இடத்துக்கு அரை லிட்டர் சேர்த்து 18, 20, 28 சென்டிமீட்டர் என்று ஆசாரியிடம் எழுதிக் கொடுத்தேன். உள் அளவு என்று எழுத மறந்துவிட்டேன். அவர் பாவம், வெளி அளவாக எடுத்துக்கொண்டு அழகாகச் செய்து கொடுத்தார். உள்ளே நிகரமாக 5.3 லிட்டர்தான், கிட்டத்தட்ட பாதி!

தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 0.86 வருகிறது. பேஸில் அரை டெசிபல் மேடு, அவ்வளவுதான், காதுக்கே தெரியாது. பெட்டிக்குள் ஊஃபர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ் 79இல் இருக்க வேண்டியது 95க்கு ஏறி, அடி பேஸ் கொஞ்சம் குறைந்தது, அது ஒன்றுதான் இழப்பு. இதே கூத்து குழாய்ப் பெட்டியில் நடந்து 14 லிட்டர் 7 ஆகியிருந்தால், அதே குழாய்க்கு 50 ஹெர்ட்ஸ் 70க்கு மேல் ஏறி, ஒவ்வொரு பேஸ் கிட்டார் சுரமும் ஒரே மாதிரி டம் டம் என்றிருக்கும்.

மூடிய பெட்டியில் கவனிக்க வேண்டியது காற்றுக் கசிவு. 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தியை மூட்டுகள் பக்கம் நகர்த்துங்கள், கசியும் இடத்தில் புகை துடிக்கும். எனக்கு ஒயர் டெர்மினல் பக்கம் துடித்தது, சிலிகான் வைத்து அடைத்தேன். உள்ளே பழைய தலையணையின் ஃபைபர் பஞ்சைத் தளர்வாகப் போட்டிருக்கிறேன். பராமரிப்பு என்று பார்த்தால், குழாய்ப் பெட்டிக்குள் பல்லி குடியேறும், குளவி மண் வைத்துக் கூடு கட்டும். சிரிக்காதீர்கள், என் வலது பெட்டியில் இரண்டும் நடந்தது.

இதெல்லாம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஐந்தேகால் இஞ்ச் ஊஃபரில் கேட்டுச் சொல்வது. எட்டு இஞ்சுக்கு மேலே நான் செய்ததில்லை. பெரிய ஹாலில், விசேஷ வீட்டுச் சத்தத்துக்கு வேண்டுமென்றால் மூடிய பெட்டியில் கோன் ரொம்ப ஆட வேண்டியிருக்கும், அங்கே குழாய்தான் சரிப்படும் என்று நினைக்கிறேன். ஊஃபரோடு முழு விவரத்தாளும் கையில் இருந்தாலும் தாராளமாகக் குழாய்க்குப் போகலாம்.

முதல் ஜோடி இப்போது தம்பி ரூமில் இருக்கிறது. இரண்டு குழாயிலும் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டித் திணித்துவிட்டேன், கிட்டத்தட்ட மூடிய பெட்டி மாதிரிதான் பாடுகிறது, பல்லியும் வருவதில்லை. சாக்ஸைத் துவைத்துவிட்டு வைத்திருக்கலாம் என்கிறான் அவன்.