திருப்பி அனுப்புன கிரைண்டர் வழியில காணாம போச்சு, பணத்துக்கு 26 நாள் அலைய விட்டாங்க – 2 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், கிரைண்டர் மேல எனக்கு குறை இல்ல. கோயம்புத்தூர்ல செஞ்ச 2 லிட்டர் டேபிள் டாப், விலை 4,650. இந்த 2 ஸ்டார் அதை வித்த ஆன்லைன் கடைக்கு, அவங்க ரிட்டர்னை கையாண்ட விதத்துக்கு.

பெட்டியை பிரிக்கும்போதே டிரம் விளிம்பு நசுங்கி இருந்துச்சு, ஒரு கல்லுல ஓரம் பேந்து போயிருந்துச்சு. வீட்ல சின்ன பிள்ளைங்க இருக்காங்க, அந்த கல்லுல ஆட்டுன மாவுல எப்படி இட்லி ஊத்திக் குடுக்குறது? அன்னைக்கே போட்டோ போட்டு ரிட்டர்ன் கேட்டேன், மறுநாளே ஓகே ஆயிடுச்சு, அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு மெயில், உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்ல, நீங்களே இந்த கூரியர்ல இந்த அட்ரஸுக்கு போட்டுடுங்க, சார்ஜை நாங்க குடுத்துடுவோம்னு. நாங்க இருக்கிறது போடி பக்கம். தூக்கிட்டுப் போயி போட்டேன், 11 கிலோ 400 கிராம், 620 ரூபா, ரசீது வாங்கிட்டேன்.

மதுரை ஹப் வரைக்கும் டிராக்கிங் காட்டுச்சு. அதுக்கப்புறம் எட்டு நாள் ஒரே இடத்துல நிக்குது. கூரியர் கடைக்கார தம்பி நல்லவருதான், பத்து தடவை போன் போட்டுப் பாத்துட்டு, "அக்கா, பார்சல் மிஸ் ஆயிருக்குக்கா, கம்ப்ளைன்ட் போட்டா நூறு ரூபாதான் தருவாங்க, ரசீது பின்னாடி பாருங்க"ன்னாரு. பாத்தேன், பொடி எழுத்துல அப்படித்தான் இருந்துச்சு. கடையோட கஸ்டமர் கேருக்கு அடிச்சா, "பொருள் எங்ககிட்ட வந்து சேரல மேடம், ரீபண்ட் ஆகாது, நீங்க கூரியர்ல பேசிக்கோங்க"ன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப அதையே சொல்லுது.

உடைஞ்ச பொருளை அனுப்புனது அவங்க, எந்த கூரியர்னு சொன்னதும் அவங்க, தொலைஞ்சா மட்டும் நஷ்டம் எனக்கா? அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. என் தம்பி மதுரையில வக்கீல் ஆபீஸ்ல ஜூனியரா இருக்கான், அவன்தான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னான். 1930-ல வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் நடப்புல இருக்கு, அதுல 43-ஆவது பிரிவு, வேற மாதிரி ஒப்பந்தம் பேசிக்கலன்னா, வாங்கிக்க மாட்டேன்னு சொல்ல உரிமை இருக்குற ஆளு பொருளைத் திருப்பிக் கொண்டுபோய் சேர்க்கணும்னு கட்டாயமே கிடையாது, வேணாம்னு வித்தவருக்கு தெரியப்படுத்துனா போதும்னு சொல்லுது. அது தெரிஞ்சப்போ எனக்கு அவ்வளவு தெம்பு வந்துச்சு. அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லுல போட்ட நாளுக்குள்ள, நாள் போடலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்து பணம் குடுக்காம இழுத்தா அது முறையற்ற வணிகம்னே எழுதியிருக்காங்க.

ஆனா எல்லா ரிட்டர்னும் ஒண்ணு இல்லன்னும் தம்பி சொன்னான், இதைக் கவனமா படிங்க. கடை அனுப்புன ஆளு வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போனா அவரு கடையோட ஆளு, பிக்கப் மெசேஜ் வந்தப்புறம் தொலைஞ்சா அது கடையோட தலைவலி. எனக்கு மாதிரி கடையே கூரியர் பேரைச் சொல்லி அனுப்பச் சொன்னாலும் நம்ம பக்கம் வலுவா இருக்கு. கலர் பிடிக்கலன்னு, ரிட்டர்ன் செலவும் பொறுப்பும் வாங்குனவருக்கேன்னு ஒத்துக்கிட்டு, நாமளே ஒரு கூரியரைத் தேடிப் போட்டு அது தொலைஞ்சா கஷ்டம். கூரியர்காரங்க மேல போகலாம்னா அந்த பொடி எழுத்து குறுக்க நிக்கும், 1996-ல பாரதி நிட்டிங்கற கம்பெனி ஒரு கூரியர் மேல போட்ட கேஸ்ல, கையெழுத்து போட்ட ரசீதுல இருந்த நஷ்டஈட்டு வரம்பு செல்லும்னுதான் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. தபால்லயும் ஸ்பீட் போஸ்ட் தொலைஞ்சா கட்டுன சார்ஜுல ரெண்டு மடங்கு இல்லன்னா 1,000 ரூபா, இதுல எது கம்மியோ அதுதான். அதனால விலை கூடுன பொருள்னா இன்சூரன்ஸ் போட்டு அனுப்புங்க.

நான் செஞ்சது இதுதான். 2020 இ-காமர்ஸ் விதிப்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர் அலுவலர் பேரை வெப்சைட்டுல போடணும், 48 மணி நேரத்துல புகார் கெடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். இந்தக் கடையில அந்தப் பேரு எங்கயோ அடியில ஒளிஞ்சு கிடந்துச்சு. அவருக்கு ரசீது, எடை போட்ட போட்டோ, அவங்களே அனுப்புன அந்த மெயில், டிராக்கிங் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சு எழுதுனேன், 43-ஆவது பிரிவையும் சேத்து. நாலு நாள் ஆகியும் பதில் இல்ல. உடனே 1915-க்கு அடிச்சேன், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுனாங்க, பொறுமையா கேட்டு புகார் நம்பர் குடுத்தாங்க. அவங்களால தீர்ப்பு சொல்ல முடியாது, கடைக்கு அனுப்பி பேசி முடிக்கப் பாப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம்தான் கடையில இருந்து முதல் தடவையா ஒரு மனுஷன் எனக்கு போன் பண்ணாரு. அவரு மரியாதையாத்தான் பேசுனாரு, அதையும் சொல்லணும்.

இதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போறதா இருந்தேன். 5 லட்சத்துக்குள்ள இருக்குற பொருளுக்கு பீஸ் கிடையாது, கடை எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம ஊர்லயே போடலாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

26-ஆவது நாள் 4,650 அக்கவுன்ட்ல ஏறிடுச்சு. கூரியர் சார்ஜ் 620 ரூபா இன்னும் வரல, தர்றோம்னு மெயில்ல எழுதிக் குடுத்தது அவங்கதான், அதுக்கு நேத்துதான் மறுபடி எழுதியிருக்கேன். வந்துச்சுன்னா இங்கயே சொல்லிட்டு ஒரு ஸ்டார் கூட்டுறேன்.