‘ஒன்றரை இன்ச்’ அடாப்டரில் ஏமாந்தேன்: தரைமேல் நீச்சல் தொட்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்பதற்காக, காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் உள்ள கொல்லையில், இரும்புச் சட்டத்தில் நிற்கும் பன்னிரண்டடி விட்டமுள்ள நீச்சல் தொட்டி ஒன்றை இந்தச் சித்திரையில் அமைத்தோம். இரண்டடி உயரத்துக்கு நிரப்பினாலே அது 6,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். லாரித் தண்ணீரை அடிக்கடி மாற்றுவது கட்டுப்படியாகாது என்பதால் மோட்டாரோடு கூடிய மணல் வடிகட்டி ஒன்றைத் தனியாக வாங்கினேன். தொட்டியோடு வந்த நெளிகுழாய் 38 மி.மீ. அளவு, வடிகட்டியின் வாயோ 50 மி.மீ. சாக்கெட் (குழாயைச் செருகும் குழி). இரண்டையும் இணைக்கும் அடாப்டர் எந்தக் கடையிலும் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை.

நீச்சல் குள வேலை செய்பவர் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைத்த ஆள் வந்து பார்த்தார். ‘‘ஐயா, இது வெளிநாட்டுச் சாமான், இங்க கிடைக்காது. ஒன்றரை இன்ச் ஐட்டத்த வச்சு நானே செஞ்சு தர்றேன், பத்து கிலோ பிரஷர் தாங்கும்’’ என்றார். போகும் வழி, வரும் வழி என இரண்டு அடாப்டர்களுக்கு 5,000 ரூபாய் பேசி, 4,200 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். அந்தப் பத்து கிலோப் பேச்சிலேயே நான் விழித்திருக்க வேண்டும். இரண்டடித் தண்ணீர் ஒரு குழாயின் மேல் செலுத்தும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இந்த வேலையில் பழுது வருவது பெரும்பாலும் குழாயில் அன்று, மூட்டில்தான்.

மறுநாள் மாலை அடாப்டர்களை மாட்டி, ஒட்டிய ஒரு மணி நேரத்திலேயே மோட்டாரைப் போட்டுக் காட்டிவிட்டு அவர் கிளம்பினார். வடிகட்டியிலிருந்து திரும்பி வரும் நீரில் சிறு குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. உறிஞ்சும் பக்கத்து மூட்டு காற்றை இழுக்கிறது என்பதன் அடையாளம் அது என்பதை அன்று நான் அறியவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் இரவு, மோட்டார் நின்றிருந்த நேரத்தில், கீழ்ப்பக்கத்து அடாப்டர் கழன்று விழுந்தது. தொட்டியின் கீழ்த்துளை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதால், அந்த மட்டத்துக்கு மேலிருந்த ஏறக்குறைய 4,000 லிட்டரும் விடிவதற்குள் கொல்லையில் ஓடி, சுண்ணாம்புப் பூச்சுச் சுற்றுச்சுவரின் அடியை ஊறவைத்து, இரண்டு முழ நீளத்துக்குப் பூச்சைப் பெயர்த்துவிட்டது. கூரையில் விழுந்த மழையை முற்றத்து அண்டாக்களில் பிடித்து, மிஞ்சியதை ஊருணிக்கு அனுப்பிப் பழகிய ஊரில் இதை வெளியே சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். ‘‘ஐயா, மோட்டார ரொம்ப நேரம் ஓட விட்டிருப்பீங்க’’ என்றார். மோட்டார் நின்றிருந்தபோதுதான் கழன்றது என்றதும் இணைப்பைத் துண்டித்தார். பிறகு எடுக்கவே இல்லை.

கழன்ற அடாப்டரை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளத்த வெள்ளை வெறும் பெயின்ட். நெளிகுழாய்ப் பக்கத்துப் பாதியில் உள்ளே இருந்தது கழிவுநீர்க் குழாய்க்குரிய சாம்பல் நிறத் துண்டு. நெளிகுழாய் செல்லும் முனையை நேரடியாக நெருப்பில் காட்டி விரித்திருந்தார். அந்த இடம் பழுப்பேறி, ஒரு பக்கம் தாள் போல மெலிந்திருந்தது. பி.வி.சி. 80 டிகிரி வெப்பத்தை ஒட்டியே இளகத் தொடங்கும் பொருள். அடுப்புச் சுவாலையில் காட்டினால் கருகும், ஹைட்ரஜன் குளோரைடு புகையும் வரும். நம் பக்கத்தில் பலரும் இப்படித்தான் குழாய்க்கு வாய் விரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பெரிய குற்றம் மறுமுனையில் இருந்தது. கடையில் ‘ஒன்றரை இன்ச்’ என்று கேட்டால் இரண்டு வேறு குழாய்கள் வரக்கூடும். ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரத்துக் குழாயின் வெளிவிட்டம் 50 மி.மீ.; வீட்டு வேலைக்கு விற்கும் வெள்ளை ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தர) ரகக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இரண்டு இன்ச்சிலும் இதே கதைதான்: 63, 60.3. அவர் மறுபாதியாகச் சேர்த்திருந்த 48.3 மி.மீ. துண்டை வடிகட்டியின் 50 மி.மீ. சாக்கெட்டில் செருகி, 1.7 மி.மீ. இடைவெளியைச் சொல்யூஷனாலும் எம்-சீல் என்ற பிசைந்து ஒட்டும் பசையாலும் அடைத்திருந்தார். சொல்யூஷன் என்பது இடைவெளியை நிரப்பும் பசையன்று; தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கும் திரவம் அது. பரப்புகள் தொடாத இடத்தில் அது மிட்டாய் போல உறைந்து நிற்கும், அவ்வளவுதான். அறுத்துப் பார்த்தபோது அந்த மிட்டாய்ப் படலத்தை நகத்தாலேயே உரித்தெடுக்க முடிந்தது.

பிறகு நானே விட்டம் அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரோடு கடைக்குப் போய், எல்லாவற்றையும் ஐ.எஸ். அளவிலேயே வாங்கினேன்: 40 மி.மீ. குழாய்த் துண்டு, 50-ஐ 40 ஆகக் குறைக்கும் ரெட்யூசர், திறந்து மூட 50 மி.மீ. பால் வால்வு (ball valve), கழற்றி மாட்ட யூனியன். இரண்டு வழிக்குமாக 1,400 ரூபாய்க்குள் முடிந்தது. 38 மி.மீ. நெளிகுழாயின் முனையைச் சூடான தண்ணீரில் முக்கி இளக்கி, 40 மி.மீ. துண்டின் மேல் ஏற்றி, இரண்டு எஃகுக் கிளிப்புகளால் இறுக்கினேன். ஒட்டும் முன் ஒவ்வொரு மூட்டையும் உலர்வாகச் செருகிப் பார்த்தேன். குழாய் சாக்கெட்டின் பாதி ஆழத்தில் இறுகி நின்றால் சரி, அடிவரை தளர்வாகப் போனால் அந்தச் சாமானை எடுக்கக் கூடாது. உப்புத்தாளால் மினுமினுப்பைத் தேய்த்து, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் பிடித்திருந்தேன். ஒரு முழு நாள் தண்ணீர் விடவில்லை. தொட்டிக்கும் மோட்டாருக்கும் இடையில், தொட்டியை ஒட்டினாற்போல வால்வு வைத்திருப்பதால், மோட்டார் ஓடாத நேரங்களில் அதை மூடிவிடுகிறோம். அந்த வழியில் அதற்கு அப்பால் எந்த மூட்டு கழன்றாலும் தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். அந்த மனிதர் வைக்காமல் விட்டதும் இந்த வால்வைத்தான்.

குமிழி இப்போது வருவதில்லை. சென்ற வாரம் மீதி 800 ரூபாயைக் கேட்டு அவர் ஒரு பையனை அனுப்பினார். அறுத்த துண்டுகள் இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அந்தப் பையனிடமே கொடுத்தனுப்பினேன்.