பாதைக் கூலி என்றொரு கட்டம்: 18 வருட நாவிசனை விட்டு வந்த கதை

திருகோணமலையில் கட்டடப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். சீமெந்து, கம்பி, கூரைத் தகடு, குழாய், பெயின்ட். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை என்று எங்கள் லொறிகள் போகும். நான் கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் "சிஸ்டம் இறுகிப்போச்சு" என்றால் எல்லாரும் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். 2006இல் வாங்கிய நாவிசன் என்ற வியாபாரக் கணக்கு மென்பொருளை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டு, மைக்ரோசொஃப்ட்டின் பிஸ்னஸ் சென்ட்ரலுக்கு வந்தோம். ஒன்றரை வருடத்துக்கு மேல் பாவித்த பிறகு எழுதுகிறேன். புதுசு வாங்கிய கிழமையில் எழுதியிருந்தால் வெறும் திட்டாக இருந்திருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வீடு கட்டும் வேலை குவிந்தது. கொப்பியில் எழுதிக் கட்டுப்படாமல்தான் முதலாளி நாவிசனை வாங்கினாராம். டென்மார்க்கில் பிறந்து, 2002இல் மைக்ரோசொஃப்ட் கைக்குப் போன மென்பொருள். அதன் பெரிய கவர்ச்சி, உள்ளே இருக்கும் புரோகிராமையே திறந்து நமக்கு வேண்டியபடி மாற்றலாம் என்பது. சி/ஏஎல் என்ற அதன் மொழி தெரிந்த ஒருவர் கொழும்பிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, பகல் சாப்பாட்டுக்கு முன் ஒரு புதுக் கட்டத்தைத் திரையில் சேர்த்துவிட்டுப் போவார். நான் 2010இல் சேர்ந்தபோதே எங்கள் நாவிசனைப் பார்த்தால் வேறெந்தக் கடையின் நாவிசன் மாதிரியும் இருக்காது. தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த சட்டை மாதிரி. தைத்தவர் வெளிநாடு போய்விட்டார் என்பதுதான் குறை.

ஏன் மாறினோம்? வேறு வழி இருக்கவில்லை. சேர்வர் ஓடியது விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2வில். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. போதாததற்கு எங்கள் உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் ஒஃபிஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், போர்டில் பச்சை பூக்கும். 2023இல் சேர்வர் இரண்டு தரம் படுத்தது. இரண்டாம் தரம் மூன்று நாள் கையால் பில் எழுதினோம்.

நாவிசனின் இன்றைய பெயர்தான் பிஸ்னஸ் சென்ட்ரல், அப்படியே ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். அது நடக்காது. 2019 வசந்தத்தில் வந்த 14ஆம் பதிப்போடு சி/ஏஎல் முடிந்துவிட்டது. அதே வருடம் ஒக்டோபரில் வந்த 15இலிருந்து ஏஎல் என்ற புது முறை. மூலப் புரோகிராமில் கை வைக்க முடியாது. நமக்கு வேண்டியதை வெளியே தனித் துண்டாக, எக்ஸ்டென்ஷனாக எழுதி ஒட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்பனை பில்லைப் பதிவு செய்யும் கோட்யூனிட் 80 என்ற பகுதியின் வயிற்றுக்குள்ளேயே எங்கள் ஆட்கள் 18 வருடமாகக் கை வைத்திருந்தார்கள். அசலோடு ஒப்பிட்டு எடுத்த பட்டியலில் 300க்கு மேல் இடங்களில் மாற்றம். பக்கத்தில் யாரோ ஒருவரின் முதலெழுத்தும் தேதியும் இருக்கும். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு சொல் இருக்காது.

அந்தப் பட்டியலை அச்சடித்து, ஒஃபிஸ் மேசையில் பரப்பி, மூன்று நிறப் பேனாவோடு இரண்டு மாதம் இருந்தேன். இந்த வேலையில் மிகப் பாரமானது இதுதான். புரோகிராம் எழுதுவது அடுத்தபடி.

ஒரு உதாரணம். டெலிவரி திரையில் 'பாதைக் கூலி' என்று ஒரு கட்டம். கிண்ணியாவுக்கு முன்பு பாலம் இல்லை. லொறியைப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏற்றித்தான் கடலைக் கடக்க வேண்டும். அந்தக் கூலியைப் பதிய வைத்த கட்டம். 2009இல் பாலம் திறந்தாயிற்று. சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன், அதற்கென்ன யோசனை. புது சிஸ்டத்தின் சோதனைத் திரையை ஸ்டோரில் காட்டியபோது, கிண்ணியாவிலிருந்து வரும் ஸ்டோர்கீப்பர் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பாதைக் கூலி எங்க?"

"பாலம் வந்து பதினாலு வருஷம் நானா."

"அது எனக்குத் தெரியாதா? நாட்டாமைமார்ர இறக்குக் கூலிய நான் அதிலதானே போடுறன். சனிக்கிழமை அவங்கட சம்பளம் அந்தக் கட்டத்தில இருந்துதானே வருது."

பார்த்தால் உண்மை. பாலம் திறந்த பிறகு கட்டம் சும்மா கிடந்ததால், யாரையும் கேட்காமல் இறக்குக் கூலிக்கு அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதன் மேல் இன்னொருவர் சம்பள அறிக்கை ஒன்றைக் கட்டியிருக்கிறார். நான் போட்ட கோடு அப்படியே போயிருந்தால் முதல் சனிக்கிழமை, சாமான் இறக்கும் எட்டு நாட்டாமைமாருக்குச் சம்பளம் பூச்சியம். அதற்குப் பிறகு சிவப்புக் கோடு போட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஸ்டோர், கஷியர், லொறி ட்ரைவர் என்று ஒவ்வொருவரிடமும் போனேன். கடைசியில் தேவையென்று தேறியது 40க்குக் கிட்ட. மிச்சமெல்லாம் செத்தவை. ஆனால் எது செத்தது என்பதைப் பட்டியல் சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பாமினி எழுத்துரு. இதை வேறு நாட்டில் இருக்கும் ஒரு கன்சல்டன்டுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூனிகோட் முறை நாவிசனுக்கு வந்ததே 2013 பதிப்பில்தான். அதற்கு முன் எங்களைப் போன்றவர்கள் தமிழில் பில் அடிக்க ஒரே வழி, பாமினி எழுத்துருவில் தட்டுவது. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் சேமிப்பாகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவி. 'இ'க்குக் கால்புள்ளிச் சாவி. கால்புள்ளியால் பிரித்த கோப்பாக எங்கள் பொருள் பட்டியலை ஏற்றுமதி செய்து புது சிஸ்டத்தில் ஏற்றினார்கள். நாங்கள் விற்பது என்ன? இரும்பு! இரும்புக் கம்பி, இரும்புக் குழாய், இரும்பு ஆணி, இணைப்பு வளையம். 'இ'யில் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் முதல் எழுத்திலேயே வெட்டுப்பட்டு, அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. அலகு கையிருப்பாகவும் கையிருப்பு விலையாகவும் உட்கார்ந்தன. 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று 46 ரூபாய் என்று திரையில் வந்தது. "அந்த விலைக்கெண்டால் நானே வாங்குறன்" என்றார் முதலாளி.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே பட்டியலில் பாதிப் பெயர் பாமினி, பாதிப் பெயர் உண்மையான ஆங்கிலம். ஆங்கிலப் பெயரைக் கருவிக்குள் போட்டால் அர்த்தமில்லாத தமிழாக வரும். ஆளை வைத்துத்தான் பிரித்தோம். ஏ/எல் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மச்சாளின் மகள் மூன்று கிழமை இருந்து பிரித்தாள். முழு வேலையிலும் காசுக்குப் பெறுமதியாகச் செலவழித்தது அவளுக்குக் கொடுத்ததுதான் என்று இன்றும் சொல்வேன்.

வரிக் கதை சுருக்கமாக. பழைய சிஸ்டத்தில் என்.பி.டி. என்ற தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியின் 2 வீதத்தை யாரோ புரோகிராமுக்குள்ளேயே எண்ணாக எழுதியிருந்தார்கள். 2019 டிசம்பர் 1இல் அந்த வரி ஒழிந்தது. அதே நாள் வற் என்ற பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதம் ஆனது. பிறகு 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு தரமும் கொழும்புக்குக் கோல் எடுத்து, ஆள் வந்து, திருத்தி, பழைய வீதத்தில் விற்ற சாமான் திரும்பி வரும்போது தலையில் கை வைத்து. புது சிஸ்டத்தில் வீதம் ஒரு அமைப்புத் திரையில் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 1இல் எஸ்-வற் என்ற இலகுபடுத்திய வற் முறை நின்றபோது புரோகிராமர் யாரையும் கூப்பிடாமல் நானே அரை நாளில் முடித்தேன். இதற்காகவே மாறியிருக்கலாம்.

2024 ஏப்ரல் 1, திங்கட்கிழமை தொடங்கினோம். கணக்கு வருடம் அன்று தொடங்குவதால் அந்தத் தேதி. கணக்குக்கு அது சரி, வியாபாரத்துக்குப் பிழை. சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமை இருக்கையில், எல்லாரும் பாக்கி தீர்க்க வரும் நேரம். முதல் நாள் காலை மூதூர் லொறி ஏற்றி முடித்து நிற்கிறது, பில் வரவில்லை. சிஸ்டத்தில் பிழை இல்லை. எங்கள் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் புது சிஸ்டம் பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புகிறது. ஊசி ஒவ்வொரு வரியாக அந்தப் படத்தைக் கீறுகிறது. ஒரு பில்லுக்கு ஒன்றரை நிமிடம். வாசலில் ட்ரைவர் ஹோர்ன் அடிக்கிறார். மூன்று பிரதி விழும் அந்தக் கார்பன் கடதாசியை விடமாட்டோம் என்று ஒரு மாதம் அடம்பிடித்தோம். பிறகு லேசர் பிரிண்டர் வாங்கி மூன்று தரம் அடிக்கிறோம். சோதனைக் காலத்தில் ஒரே ஒரு பில்லைக்கூட உண்மையான பிரிண்டரில் அடித்துப் பார்க்கவில்லை. அது என் பிழை.

இன்னொரு முடிவைப் பற்றி இன்றைக்கும் எனக்கு இரண்டு மனம். 18 வருட விபரத்தையும் கொண்டுவராமல், தொடக்க மீதி, தீராத பில், கையிருப்பு, கையில் உள்ள பின்திகதிச் செக் (பிந்திய தேதி போட்டு வாங்கிய செக்) ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்தோம். செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் எங்கள் வியாபாரம் செக்கில் ஓடுவது. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதை அவருடைய செக் எத்தனை தரம் திரும்பியது என்பதை வைத்துத்தான் முடிவெடுப்போம். அந்த வரலாறு பழைய பெட்டிக்குள் தங்கிவிட்டது. இன்னொரு தரம் செய்வதென்றால் திரும்பிய செக் பட்டியலையாவது கொண்டுவருவேன்.

இன்றைய நிலை? மூதூரில் நிற்கும் சேல்ஸ் பையன் ஃபோனிலேயே கையிருப்புப் பார்க்கிறான். முதலாளி இரவு வீட்டிலிருந்து பாக்கிப் பட்டியல் பார்த்துவிட்டுக் காலையில் என்னைப் பிடிக்கிறார். இதை நன்மையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. சந்தா டொலரில். 2022இல் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360க்குப் போனதைப் பார்த்த கண்ணுக்கு, மாதா மாதம் டொலரில் கட்டுவது நெஞ்சுக்குள் ஒரு கல். இணைய இணைப்பு அறுந்தால் வேலை நிற்கும். இரண்டாவதாக ஒரு 4ஜி டொங்கிளும், மேசை லாச்சியில் கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறோம். வருடத்தில் இரண்டு பெரிய அப்டேட் தானாக வரும். ஒரு தரம் அப்டேட்டுக்குப் பிறகு எங்கள் பின்திகதிச் செக் எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் முன்கூட்டிச் சோதிக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் சோதனைத் தளத்தில் ஒரு செக்கைப் போட்டு, திரும்பியதாகப் பதிந்து, நானே பார்த்துவிடுவேன்.

யாராவது வந்து "இதில ஒரு சின்னக் கட்டம் சேர்க்கேலுமா?" என்று கேட்டால், ஏன் வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்கிறேன். பலர் பேனாவைக் கண்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

பழைய சேர்வர் இன்னும் என் அறை மூலையில், துவாய் ஒன்றால் மூடி இருக்கிறது. பழைய பில் கேட்டு யாராவது வந்தால் மட்டும் போடுவோம். பாதைக் கூலிக் கட்டத்துக்குப் புது சிஸ்டத்தில் 'இறக்குக் கூலி' என்று முறையாகப் பெயர் வைத்தோம். நானா வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபோன் எடுத்து இன்னமும் கேட்பது, "தம்பி, பாதைக் கூலி முழுக்கப் போட்டாச்சு, சரியா எண்டு ஒருக்காப் பார்."