அடாப்டர் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் போதும்: என்டி68676 கண்ட்ரோலர் போர்டு

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 15.6 அங்குலத் திரையை மேசைக் கணினிக்கு இரண்டாவது மானிட்டராக மாற்றத்தான் இந்த போர்டை வாங்கினேன். நோவாடெக் என்டி68676 சிப், ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிவிஐ, ஒரு விஜிஏ, தனியாக ஒரு பட்டன் பலகை. தினமும் ஓடுகிறது, மனநிறைவாக இருக்கிறது. தனி அடாப்டர் எதுவும் இல்லை. கரண்ட் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே, அதாவது கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியிலிருந்தே வருகிறது. இதை எழுதுவதே அந்த இணைப்பைப் பற்றிச் சொல்லத்தான்.

எஸ்எம்பிஎஸ் வயரை நேராகப் பேனலில், அதாவது கழற்றிய திரையில், கொடுத்து ஒரு பயனும் இல்லை. எச்டிஎம்ஐயில் வரும் படத்தைப் பேனல் அப்படியே எடுத்துக்கொள்ளாது, அதற்கு எல்விடிஎஸ் என்ற, லேப்டாப் திரைகளுக்கான வேறு வகைச் சிக்னல்தான் வேண்டும். அந்த மாற்றத்தை போர்டு செய்கிறது. பேனலுக்குத் தேவையான 3.3 வோல்ட்டையும் 12 வோல்ட்டிலிருந்து அதுவே தயாரித்துக்கொள்கிறது. அதனால் நாம் கொடுக்க வேண்டியது 12 வோல்ட் மட்டும்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு மாட்டும் நாலு பின் மோலெக்ஸ் ஒன்று சும்மா இருந்தால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த வயரை வெட்டாதீர்கள். ஒரு மோலெக்ஸ் நீட்டிப்புக் கேபிள் வாங்கி அதை வெட்டுங்கள். மஞ்சளும் அதன் பக்கத்துக் கறுப்பும் போர்டில் செருகும் டிசி பிளக்குக்குப் போகட்டும், நடுப்பகுதி பாசிட்டிவ், அதாவது மஞ்சள். சிவப்பு வயரின் நுனியைச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடிவிடுங்கள். கேபிளை வெளியே எடுக்க, கேபினட்டின் பின்பக்கம் காலியாக இருக்கும் கார்டு ஸ்லாட்டின் தகட்டைக் கழற்றினால் வழி கிடைத்துவிடும்.

அப்புறம் ஃபியூஸ். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. போர்டும் எல்இடி பேனலும் சேர்ந்து இழுப்பது ஒரு ஆம்பியருக்கு உள்ளேதான். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் பக்கம் இருபது ஆம்பியருக்கு மேல் தரக்கூடியது. எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொண்டு அணைவதற்குள் மெல்லிய வயர் சூடாகி உருகிவிடும். ஒரு அடாப்டர் இதே நிலையில் சில ஆம்பியரிலேயே அடங்கிவிடும், அதனால்தான் அடாப்டர் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து தோன்றுவதில்லை. மோலெக்ஸிலிருந்து வெளிவரும் மஞ்சள் வயரில், தொடக்கத்திலேயே, 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன்.

போர்டில் எனக்கு இருக்கும் பெரிய குறை ஜம்பர்தான். பேனலுக்குப் போகும் வோல்டேஜை ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஜம்பரை நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும்: 3.3, 5, 12. லேப்டாப் பேனலுக்கு 3.3. என் கைக்கு வந்தபோது அது 5இல் நின்றது. பேனல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதற்கான மென்பொருளை ஏற்றி அனுப்பிய கடைக்காரர் இதையும் பார்த்திருக்க வேண்டாமா? விளக்கத் தாள் ஒன்றும் பெட்டியில் இல்லை. தவறான வோல்டேஜில் பேனல் செத்துவிடும், திரும்ப வராது. ஆகவே பேனல் கேபிளை மாட்டும் முன் போர்டை மட்டும் ஆன் செய்து, எல்விடிஎஸ் கனெக்டரின் முதல் பின்னில் மல்டிமீட்டரை வையுங்கள். 3.3 என்று காட்டிய பிறகு கணினியை அணைத்து, அப்புறம் கேபிளை மாட்டுங்கள். கரண்ட் இருக்கும்போது அந்தக் கேபிளைத் தொடவே வேண்டாம்.

பேனல் எண் உங்கள் திரையின் பின்னால் ஸ்டிக்கரில் இருக்கும். கடைசி எழுத்து வரை அப்படியே கொடுங்கள், ஏனென்றால் மென்பொருள் பொருந்தாவிட்டால் நிறங்கள் பட்டை பட்டையாக வரும், அல்லது படம் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

படம் எப்படி? 1366×768 பேனலில் எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, எச்டிஎம்ஐயில் ஒரு நடுக்கமும் இல்லை. விஜிஏ சுமார், ஆட்டோ பட்டனை அழுத்தித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பட்டன் பலகையின் ரிப்பன் கேபிள் நீளம் போதாது, அதைத் திரையின் கீழ்விளிம்பில் ஒட்ட முடியாமல் பின்னாலேயே விட்டுவிட்டேன். ஆனால் ஒரு வசதியை அடாப்டரில் பெற முடியாது: கணினியை அணைத்தால் 12 வோல்ட்டும் போய்விடும், திரையும் சேர்ந்தே அணையும். ஆன் செய்தால் போர்டு பழைய நிலையிலேயே விழித்துக்கொள்கிறது.

எல்லாருக்கும் இது ஆகாது. உங்கள் பேனலில் எல்விடிஎஸ்ஸுக்குப் பதில், புதிய லேப்டாப் திரைகளில் வரும் 30 பின் ஈடிபி கனெக்டர் இருந்தால் இந்த போர்டு வேலை செய்யாது, ஈடிபிக்கென்று வருவதை வாங்குங்கள். எல்இடிக்கு முந்தைய பேனலில் பின்விளக்கு சன்னமான குழல் விளக்கு. அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் இன்வெர்ட்டர் தனியாக வேண்டும், அது ஓடும்போது கை வைக்கக் கூடாது. வேறு வழி இருந்தால் அந்த வகைப் பேனலை விட்டுவிட்டு எல்இடி பேனலாகத் தேடுங்கள்.