வெயில் பட்டால் நிறம் மாறும் பொடி: வீட்டு முற்றத்துக்குத் தேறுமா?

திருப்பூரில் பிரிண்டிங் கெமிக்கல் விற்கும் கடைகளில் போட்டோகுரோமிக் பவுடர் என்று கேட்டால் கிடைக்கும். பனியனில் அடிக்க வரும் சரக்கு. அதையே பருத்தித் துணியில் அடித்து, பலகைமேல் இழுத்துக் கட்டி, தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில்) காலை வெயில் விழும் பக்கமாக வைத்துப் பாருங்கள். நொடிகளில் ஊதா ஏறிவிடும். ஒரு பிள்ளை உள்ளங்கையை ஒரு நிமிடம் அதில் அழுத்தி எடுத்தால் வெளுத்த கை அச்சு, விரல் இடுக்கு உட்பட, அப்படியே நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா வந்து மூடும். இந்த விளையாட்டுக்காகவே வாங்கலாம்.

டிரான்ஸ்பரண்ட் பைண்டர், அதாவது பொடியைத் துணியில் ஒட்டவைக்கும் நிறமற்ற பசை, 100 கிராமுக்குப் பொடி 10 கிராம். கையால்தான் கலக்க வேண்டும். அரைத்தால் சாயத்தைப் பொதிந்து வைத்திருக்கும், சில மைக்ரான் அளவேயுள்ள கேப்சூல்கள் உடையும். தின்னர் பட்டாலும் கெடும். அடித்துக் காய்ந்தபின் சூட்டில் பிடிக்கவைக்கும் க்யூரிங் 150 டிகிரி, 3 நிமிடம்.

பலரும் கோட்டைவிடுவது ஒயிட் பேஸ்ட்டில், அதாவது வெள்ளை பிரிண்டிங் பசையில். எடுப்பாகத் தெரியட்டும் என்று அதைச் சேர்த்தால் அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும், பொடிக்கு ஒன்றும் மிஞ்சாது. வெள்ளை வேண்டுமென்றால் அடியில் தனிக் கோட்டாக அடியுங்கள்.

முற்றத்துக்குப் பாலிகார்பனேட் ஷீட் போட்டிருந்தால் இந்தப் பொடியை வாங்கவே வேண்டாம். வெளிச்சம் பளீரென்று இருக்கும், துணி வெள்ளையாகவே கிடக்கும். புற ஊதாவை ஷீட்டே தடுத்துவிடுகிறது. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் அப்படித்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி பரவாயில்லை, நிறம் கொஞ்சம் குறையும். எல்இடி வெளிச்சத்துக்கு அசையாது.

நிறத்தை ஏற்றுவது புற ஊதா, இறக்குவது சூடு. அதனால்தான் மார்கழிக் காலையில் அடர்த்தியாக இருப்பது சித்திரை உச்சி வெயிலில் வெளிறிப்போகிறது. பிற்பகல் வெயில் விழும் மேற்குப் பார்த்த சுவரைத் தவிர்த்துவிடுங்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் சோர்ந்துவிடும். காலையில் மட்டும் விரித்து, பிறகு சுருட்டி வைப்பது நல்லது.

சூட்டுக்கு நிறம் மாறும் பொடியும் கிடைக்கும். பரவலாக விற்பது 31 டிகிரி சரக்கு, அதாவது அந்தச் சூட்டைத் தாண்டினால் நிறம் போய்விடும். ஈரோடு, கரூர் பக்கம் கோடைப் பகல் முழுக்க அது நிறமில்லாமலேதான் இருக்கும். நேர் வெயிலில் கெட்டும்போகும். முற்றத்துக்கு அது ஆகாது.

முதலில் 50 கிராம் போதும். கடை வாசலிலேயே ஒரு சிட்டிகையைத் தாளில் கொட்டி வெயிலில் நீட்டுங்கள். நொடிகளில் நிறம் ஏறி, நிழலுக்கு வந்த சில நிமிடங்களில் திரும்ப வெளுத்தால்தான் பணத்தைக் கொடுக்கலாம்.